சொட்டாத படகு

என் வீட்டுக்காரருக்குச் சொட்டுச் சத்தமே ஆகாது. சமையலறைக் குழாய் சொட்டினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் இறுக்கிவிட்டு வருவார். பேர் மாடசாமி. ஓசூர் சிப்காட்டில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு ஃபிட்டர். அங்கே தரையில் ஒரு துளி எண்ணெய் விழுந்தால் போதும், காலை மீட்டிங்கில் மானத்தை வாங்கிவிடுவார்களாம். அந்த மனுஷனிடம்தான் என் படகு போய் மாட்டியது.

கெலவரப்பள்ளி அணைக்கு அக்கரையில் ரோஜாப் பண்ணை. பூப்பறிக்கப் போகிற பெண்களை வேன் ஊரெல்லாம் சுற்றி ஏற்றிப்போகும். தண்ணீரில் போனால் நேர் வழி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பழைய இன்ஜின் படகு ஒன்றை வாங்கினேன். "பொம்பளைங்க ஒத்துக்கிட்டா படகு. இல்லேன்னா வேன்தான்" என்று பண்ணைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அவர்கள் ஏறாவிட்டால் நான் மறுபடி ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான்.

படகைப் பார்க்க முதலில் வந்தவர் சரோஜம்மாள். அவர் தலையசைக்காமல் பண்ணையில் ஒருத்தியும் எதுவும் செய்யமாட்டாள். இன்ஜினை ஓட்டிக் காட்டினேன். அவர் நேராகப் பின்பக்கம் குனிந்தார்.

"அய்யோ தேவுடா! உள்ள தண்ணி சொட்டுது! ஓட்டப் படகுலயா எங்கள ஏத்தப் போற பவளம்?"

"ஓட்ட இல்லக்கா. தண்ணிக்குள்ள காத்தாடியச் சுத்துற ஷாப்ட்டு படகோட அடியத் தாண்டித்தான வெளிய போகுது? அந்த எடத்துல கிரீஸ் போட்ட கயித்தச் சுத்தி நட்டால அமுக்கியிருக்கு. ஓடும்போது கொஞ்சம் சொட்டினாத்தான் அது சூடாகாது." படகை விற்ற ராஜப்பன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"எங்கிட்டயே கத விடாத" என்று போய்விட்டார்.

மறுநாள்தான் முதல் சவாரி. காலையில் நான் கரைக்கு வந்தபோது, மாடசாமி ஸ்பேனரோடு படகுக்குள்ளிருந்து எழுந்தார். வாயெல்லாம் பல்.

"ஏ புள்ள, இப்ப ஒரு சொட்டு இருந்தாக் கேளு!"

"எதத் தொட்டீங்க? உங்கள யாரு தொடச் சொன்னா?"

சண்டை முற்றுவதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். சரோஜம்மாள் குனிந்து தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. "ம், இது படகு" என்று ஏறி உட்கார்ந்தார். மற்றவர்களும் ஏறினார்கள். இப்போது நட்டைத் தளர்த்தினால் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். கொஞ்ச தூரம்தானே என்று கிளப்பிவிட்டேன். மாடசாமி கரையில் நின்று கையாட்டினார். அந்தக் கையை முறிக்க வேண்டும்போல் இருந்தது.

பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு கொண்டுவந்து சேர்த்த கழிவு நுரை மிதந்து போவதைப் பார்ப்பேன், பின்னால் திரும்புவேன், மறுபடி முன்னால் பார்ப்பேன். சொட்டுச் சத்தம் எப்போது கேட்கும் என்று காது அங்கேயே கிடந்தது. நடு ஏரியில் இன்ஜின் முக்க ஆரம்பித்தது. தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. நட்டைத் தொட்டேன். தோசைக்கல்லாகச் சுட்டது.

இன்ஜினை நிறுத்தினேன். கொஞ்சம் ஆறவிட்டு, துணியைச் சுற்றி, மாடசாமி படகிலேயே விட்டிருந்த ஸ்பேனரைப் போட்டுத் தளர்த்தினேன். உள்ளே கயிறு கருகியிருந்தது. சொட்டவில்லை, கொட்டியது.

"முழுகப் போறோம்டீ!" சரோஜம்மாள் எழுந்து நின்றுவிட்டார். படகு ஆடியது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உக்காருங்கக்கா! நேத்து சொட்டினது நமக்குக் காவல். அத நிறுத்தினதுக்குத்தான் இந்தக் கதி. சாப்பாட்டு டப்பாவ எடுங்க, தண்ணிய எறைங்க!"

ஒரு நொடி என்னை முறைத்தார். பிறகு தன் டப்பாவிலிருந்த ராகிக் களியை ஏரியில் கொட்டிவிட்டு இறைக்க ஆரம்பித்தார். எல்லா டப்பாக்களும் திறந்தன. நான் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். தாரை மெலிந்து நூலாகி, சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. இன்ஜினைப் போட்டு, நட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி அக்கரை சேர்த்தேன். பெண்கள் ஈர டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பண்ணை வாசலில் வேன் தயாராக நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். பெண்கள் சரோஜம்மாளையே பார்த்தார்கள். அவர் வேனைத் தாண்டி, கரையில் படகோடு நின்ற என்னிடம் வந்தார்.

"இன்ஜினப் போடு."

போட்டேன். குனிந்தார். ஒரு சொட்டு விழும்வரை காத்திருந்தார். இன்னொன்றும் விழுந்தது. நட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"சொட்டுது. ஏறுங்கடி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் திரும்பிக்கொண்டேன்.

இக்கரையில் மாடசாமி காத்திருந்தார். படகு நின்றதும் எட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கியது. "என்ன புள்ள, மறுபடி சொட்டுது? இரு, ஸ்பேனர எடு."

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜம்மாள் ஸ்பேனரை எடுத்துத் தன் காலி டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"தம்பி, உன் கையால இறுக்கணும்னா உன் வீட்டுக் கொழாய இறுக்கு" என்றார். "இது எங்க படகு."