இரும்பு மரத்தடியில்

"அப்பா, இந்த நிலம் எல்லாருக்கும் பொதுன்னா, இதுல மேயுற மான் யாரோடது?"

நெல்டா ஆறு வயதில் கேட்டது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வெர்லின், "யாரு முதல்ல பாக்குறாங்களோ அவங்களோடது, கண்ணு" என்றான். பக்கத்தில் இருந்த அவன் மனைவியின் தம்பி ராஸ்கோ கைதட்டிச் சிரித்தான். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை.

நெல்டா வளர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். வெர்லின் அரிசோனாவின் தென்கோடிப் பாலைவனத்திலேயே இருந்தான். சர்க்கரை வியாதி இடது கண்ணைத் தின்றுவிட்டது. வலது கண் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த வருடம் பார்த்துத்தான் அரசாங்கக் குலுக்கலில் அவனுக்கு வேட்டை அனுமதிச் சீட்டு விழுந்தது. டிசம்பர் கடைசியில், கழுதைக்காது மானில் ஒரே ஒரு கிடா. இதை விட்டால் அவனுக்கு வேட்டை என்பதே இல்லை.

குளிர் தொடங்கியதிலிருந்து விடியுமுன் குன்றேறி, முக்காலியில் தொலைநோக்கியைப் பொருத்தி, எதிர்ச்சரிவைப் புதர் புதராகத் தேடினான். கிடாவை அவன் தேடவில்லை. பெட்டைகள் எங்கே மேய்கின்றன என்று மட்டும் குறித்துவைத்தான். கூடும் பருவம் வந்தால் கிடா தானாக அங்கே வந்து நிற்கும். வந்தது. கழுத்து வீங்கி, கொம்பில் புதர் நார் தொங்க, பெட்டைகளின் பின்னால் பித்துப் பிடித்ததுபோல் அலைந்தது.

அன்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைப் படம் பிடித்து ராஸ்கோவுக்கு அனுப்பினான். இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மானுக்குப் பின்னால் மலையின் விளிம்பு விழுந்திருந்தது. அந்த ஊர் வேட்டைக்காரனுக்கு மலை விளிம்பு பக்கத்து வீட்டுக்காரன் முகம் மாதிரி. ஒரு தடவை பார்த்தால் போதும்.

வேட்டைக்கு முந்தின நாள் வெர்லின் தன் குன்றடிக்குப் போனபோது ராஸ்கோ அங்கே நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"வா மச்சான்! கண்ணு தெரியாம வேற பள்ளத்தாக்குக்குப் போயிடுவியோன்னு பயந்தே போயிட்டேன்."

"இது நான் பாத்து வச்ச மான்டா."

"அதான் படத்துல நானும் பாத்தேனே. கொம்பை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கணும், கிழவா. மலையோட சேத்து அனுப்பினா அது கல்யாணப் பத்திரிகை இல்லையா?"

"ராஸ்கோ, எனக்கு இது கடைசி வருஷம்."

"எனக்கும் சீட்டு இருக்கு. பொது நிலம். முதல்ல யாரு பாக்குறாங்களோ அவங்களோடதுன்னு நீதான நெல்டாகிட்ட சொன்ன? நாளைக்குப் பாப்போம், ஒரு கண்ணா ரெண்டு கண்ணான்னு."

சொல்லிக்கொண்டே எழுந்து வறண்ட மணலாற்று ஓரத்தில், கட்டை இரும்பாய் இறுகுவதால் இரும்பு மரம் என்று பெயர் வாங்கிய மரத்தடிக்குப் போனான். பக்கத்து நாட்டிலிருந்து எல்லை கடந்து பாலைவனத்தில் நடந்து வருகிறவர்களுக்காக அங்கே யாரோ இரக்கமுள்ளவர்கள் பிளாஸ்டிக் குடுவைகளில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அப்படி வருகிறவர்களைக் கண்டாலே ராஸ்கோவுக்கு ஆகாது. குடுவைகளைச் சுட்டால் சத்தத்தில் மான் கலைந்துவிடும் என்று கத்தியை எடுத்து ஒவ்வொன்றாகக் குத்தினான். தண்ணீர் சத்தமில்லாமல் மணலுக்குள் போனது.

"பாரு மச்சான், உன்னை மாதிரியே ஒழுகுது."

வெர்லினும் சிரித்தான். போன ஜூன் மாதம் வண்டி மணலில் புதைந்து, நாக்கு கட்டையாகி, நடக்க மாட்டாமல் விழுந்த இடம் இந்த மரத்தடிதான். இப்படி ஒரு குடுவையைத்தான் கட்டிப்பிடித்துக் குடித்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை, சிரித்தான்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் கிடா வந்தது. கிழக்குச் சரிவில் வெர்லினின் குன்றுக்கு நேராக, மெதுவாக, இன்னும் தூரத்தில். ராஸ்கோ மேற்கு மேட்டில் இருந்தான். மான் இப்படியே வந்தால் அது வெர்லினுக்குத்தான். மூச்சை அடக்கித் தொலைநோக்கியைத் தாழ்த்தியபோது மரத்தடியில் ஏதோ அசைந்தது.

ஓர் ஆணும் பெண்ணும். அவள் குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சினாள். பிறகு அவன் மேல் சாய்ந்தாள். அவன் கீழே விழுந்த குடுவையை எடுத்து, அவள் பார்த்ததையே இன்னொரு முறை பார்த்தான்.

இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தால் மான் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் கொண்டுபோகலாம் என்று வெர்லின் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அந்தப் பெண்ணின் தலை மண்ணில் சரிந்தது. வெர்லின் துப்பாக்கியைப் பாறையில் வைத்துவிட்டு, தன் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிச் சரிவில் இறங்கினான்.

கற்கள் உருண்டன. கிடா தலை தூக்கிப் பார்த்து, நான்கு காலும் சேர்த்துத் துள்ளி மேற்கே ஓடியது. சற்றுப் பொறுத்து வெடிச்சத்தம் கேட்டது. உடனே இன்னொன்று. மேற்கு மேட்டிலிருந்து ராஸ்கோவின் வெற்றி ஊளை.

மரத்தடியில் யாரும் இல்லை. வேட்டை உடையில் ஒருவன் இறங்கி வருவதைக் கண்டும் வெடிச்சத்தம் கேட்டும் அந்த ஆண் அவளை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அவள் கால்கள் மணலில் கோடு போட்டிருந்தன. கோடு பாறைகளுக்கு நடுவே போய் மறைந்தது.

"அக்வா!" என்று கத்தினான். தண்ணீர் என்பதற்கான அந்த ஒரு சொல்தான் அவர்கள் மொழியில் அவனுக்குத் தெரியும். பாறைகளுக்கு நடுவிலிருந்து யாரும் வரவில்லை.

ஓட்டைக் குடுவைகளைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கினான். கேனை நிழலில் வைத்து, பலமில்லாத கையும் திறக்கும்படி மூடியைத் தளர்த்தினான். பையில் இருந்த ரொட்டியை அதன் மேல் வைத்தான். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.