ஒரு ஓ போதும்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'பிழை அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிப் புத்தகங்கள் அச்சுக்குப் போகும் முன் எழுத்துப்பிழை பார்ப்பது அவள் வேலை. அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு கால்புள்ளிகூடத் தப்பியதில்லை. தனியாகத்தான் இருந்தாள். வீட்டில் மருந்துச் சீட்டைக்கூடப் பேனாவும் கையுமாகத்தான் படிப்பாள்.

அன்று வந்தது ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடம். பார்க்க ஒன்றுபோல இருந்து ஆளை ஏமாற்றும் சொற்கள். டெசர்ட்டில் ஒரு எஸ் என்றால் பாலைவனம், இரண்டு எஸ் என்றால் சாப்பாட்டுக்குப் பின் தின்னும் இனிப்பு. மளமளவென்று திருத்திக்கொண்டு வந்தவள், 'லூஸ்' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். ஒரு ஓ போட்டால் இழப்பது. இரண்டு ஓ போட்டால் தொளதொளவென்று இருப்பது.

நான்கு வருடத்துக்கு முன், தூரத்து ஊரிலிருந்த தங்கை, தன் கணவன் விட்டுப்போன வாரத்தில், அக்காவுக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பியிருந்தாள். எல்லாவற்றையும் இழந்துவிடுவேன் போலிருக்கிறது என்று. இழப்பதற்கு இரண்டு ஓ போட்டிருந்தாள். அக்காவுக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை வரவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்: 'ஒரு ஓ போதும்.' அதோடு பேச்சு நின்றது.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். மணி வெகுநேரம் அடித்தது.

"சொல்லுக்கா."

"அன்னைக்கு நான் எழுத்தைத்தான்டி பார்த்தேன். உன்னைப் பார்க்கல."

தங்கை மெதுவாகச் சொன்னாள். அந்தப் பதிலைப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்ததாம். அப்புறம்தான், இனி யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாளாம். கோபம் எப்போதோ போய்விட்டது. பேசாமல் இருப்பதுதான் பழகிவிட்டது.

"இப்ப என்ன பேசறதுன்னே தெரியலக்கா."

அக்காவுக்கும் தெரியவில்லை. என்ன வேலை பார்க்கிறாய், வீட்டில் வெளிச்சம் வருமா என்று கேட்டாள். ஒற்றை வரியில் பதில்கள் வந்தன. பேச்சு ஆறு நிமிடத்தில் முடிந்தது. வைக்கும் முன் தங்கை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன் என்றாள். கூப்பிடு என்று சொல்லவில்லை.

அக்கா அதை மேசை நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். எல்லாம் ஆறிப்போயிருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.