கரிசல் விழுங்கிய கெட்டிமேளம்

தொண்ணூற்று மூன்றில் உமாதேவியின் கல்யாணத்தில் கொட்டிய கெட்டிமேளம் பதினோரு வருஷம் கழித்துத்தான் நின்றது. வீடியோ கேசட்டைப் போட்டால் போதும், டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாலும் கரகரவென்று கிழிந்துகொண்டு வரும். அடுப்படியில் டம்ளர்கள் உருளும். தெருவில் கட்டிக்கிடக்கும் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் ஓடும். கோவில்பட்டியில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. ஆடு பிடிக்க அலைந்தவர்கள் மட்டும் வைதார்கள்.

அந்த மேளத்துக்கு அடியில் உமாதேவியின் சொல் கிடந்தது. தாலி கழுத்துக்கு வந்த நேரத்தில், "தையக் கடைய மூட மாட்டேன். சம்மதம்னா கட்டுங்க" என்று யோகராஜிடம் சொன்னாள். அவனும் தலையை ஆட்டிவிட்டுத்தான் கட்டினான். மருமகள் வாய் திறப்பதைப் பார்த்த மாமியார் சுந்தரம்மாள், நல்ல நேரத்தில் ஏதாவது அபசகுனமாக விழுந்துவிடுமோ என்று பதறி, விரலை ஆட்டி மேளத்தைக் கொட்டச் சொல்லிவிட்டாள். மேளக்காரர்களும் வீடியோக்காரன் கிட்டுவின் மைக்கை ஒட்டி நின்று வெளுத்து வாங்கிவிட்டார்கள். மறுவாரமே கடைக்குப் பூட்டு விழுந்தது. தையல் மெஷின் மச்சுக்கு ஏறியது.

"ஏட்டி, தாலி கட்டுத நேரத்துல எவளாவது பேசுவாளா? நீ ஒண்ணும் சொல்லல" என்றாள் சுந்தரம்மாள்.

"அப்ப அவிய எதுக்கு அத்த தலையாட்டுனாவ?"

"மேளத்துக்கு ஆட்டுனான்."

அம்மா முன்னால் யோகராஜுக்கு வாயில் கொழுக்கட்டை.

உமாதேவி கேசட்டைக் கிட்டுவிடம் கொண்டுபோனாள். அவன் குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "மைக்கு தாங்கலக்கா. கிழிஞ்ச துணின்னா நீங்க தைப்பிய. கிழிஞ்ச சத்தத்த யாரு தைக்க?"

"தைக்க வேண்டாம். கொட்டித் தீக்கட்டும். நானா அதுவான்னு பாத்துருதேன்."

அம்மியே நகருமாம், மேளம் நகராதா? கோடை வந்தால் டிவியைப் பின்வாசலில் கரிசல்காட்டைப் பார்த்துத் திருப்பிவைத்து, வெள்ளிதோறும் கேசட்டை ஓடவிட்டாள். மாமியார் வயரைப் பிடுங்குவாள். மருமகள் மறுபடி சொருகுவாள். வெடித்துக் கிடந்த மண்ணுக்குள் மேளம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஐப்பசி மழையில் வெடிப்பு மூடிக்கொள்ளும். உள்ளே போன சத்தம் கேசட்டுக்குத் திரும்பி வரவில்லை.

இரண்டாயிரத்து நாலில் மழை ஓய்ந்ததும் கேசட்டைப் போட்டாள். மேளக்காரர்கள் கை வலிக்கக் கொட்டினார்கள்; பொட்டுச் சத்தம் இல்லை. உமாதேவி சொன்னது மட்டும் தெருக்கோடிவரை கேட்டது. ஊமையாய்க் கிடந்த பந்தலில் யோகராஜின் தலை மேலும் கீழும் ஆடியது.

"இது எந்த மேளத்துக்கு அத்த?"

யோகராஜ்தான் எழுந்து மச்சில் ஏறினான். தையல் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில், ஊர் பார்க்கக் கடைத்தெருவுக்கு நடந்தான்.

இப்போதும் சித்திரை வெயிலில் அந்தக் காடு வெடித்தால் கெட்டிமேளம் கேட்கும். மேளம் வைக்க வசதியில்லாதவர்கள் அங்கேயே பந்தல் போட்டுக்கொள்கிறார்கள். பொண்ணுக்கு ஜாக்கெட் உமாதேவி கடையில்தான். அவளும் கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் நிற்பாள். தாலி கட்டும்போது பொண்ணு வாயைத் திறந்தால், உமாதேவி குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பாள். பொண்ணு சொல்லி முடிக்கிறவரை மேளம் பொறுத்துக்கொள்ளும்.