பத்தாம் தட்டு முன் அறை

மடிக்கணினியில் கப்பலின் மாடித் தட்டுகளின் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சண்முகலிங்கம் ஒரு நல்ல அறை தேடிக்கொண்டிருந்தார். மார்ச் மாதம், வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணி இருக்கும். டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் அவர்கள் வீட்டு யன்னலை மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. எதிர்க் கதிரையில் மனோரஞ்சிதம் கண்ணை மூடிக் கிடந்தாள். அவளுக்கு வீடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று காலை அவர் அவளை ஓர்ஹூஸுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து கடலைக் கடந்து போகும் வேகக் கப்பலில் ஏற்றி, அதே கப்பலில் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். போகவர அவளுக்கு வாந்தி. அக்கரையில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. காற்று வினாடிக்குப் பதினான்கு மீற்றர் என்று வானொலியில் சொன்னதும், "வெளிக்கிடு ரஞ்சி, இண்டைக்கு நல்ல நாள்" என்று எழும்பிவிட்டார். அட்லாண்டிக்குக்கு அது ஒத்திகை. இதோடு மூன்றாவது.

மனோரஞ்சிதத்தின் நுரையீரலில் காற்றுக் கொப்புளங்கள் இருந்தன. முன்பு ஒரு தடவை ஒன்று வெடித்து, மார்பில் குழாய் போட்டு எட்டு நாள் கிடந்து எழும்பியவள். என்ன செய்தாலும் விமானத்தில் மட்டும் ஏறாதே என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரே மகள் கஜந்தியோ கனடாவில், ஹலிபாக்ஸில், எட்டு மாதக் கர்ப்பிணி. அவளை நேரில் பார்த்து நாலு வருடம். செப்டம்பரில் கொப்பன்ஹேகனிலிருந்து ஒரு உல்லாசக் கப்பல் நோர்வே, ஐஸ்லாந்து தொட்டு ஹலிபாக்ஸுக்குப் போகிறது என்று கண்டுபிடித்தவர் சண்முகலிங்கம்தான். கொந்தளிப்பான கடலில் என்ன எதிர்பார்க்கலாம் என்று கப்பல் கொம்பனி டெனிஷில் எழுதியிருந்ததை அச்சடித்து வைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடம் எடுப்பார். பச்சை அப்பிள் சாப்பிட வேண்டும். தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைபிடியில் இருக்க வேண்டும்.

"இண்டைக்கு எத்தினை தரம் சத்தி எடுத்தனி?"

"நான் எண்ணிக்கொண்டே இருந்தனான்? நீங்கள் பக்கத்திலை இருந்து சொசேஜ் சாப்பிட்டியள். பாதிச் சத்தி அந்த மணத்துக்கு வந்தது."

"போனமுறை நாலு. இண்டைக்கு மூண்டு. முன்னேற்றம்தானே."

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"ரஞ்சி, சின்னனிலை உங்கடை வீட்டாக்கள் கண்டிக்குப் போகேக்கை பஸ்ஸிலை உன்னை எங்கை இருத்துறவை?"

"டிரைவருக்குப் பின்னாலை. சத்தி எடுக்கிற ஆக்களை எல்லாரும் அங்கைதானே இருத்துறது."

"அவ்வளவுதான் விசயம். பின்னுக்கு இருந்தால் தூக்கித் தூக்கிப் போடும். நடுவிலை சனம், காத்து வராது. முன்னுக்குத்தான் சுகம்." அவர் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டார். "இந்தா. பத்தாம் தட்டு, முன் நுனி. ஒருத்தரும் எடுக்கேல்லை பார். எங்களுக்கெண்டே விட்டு வைச்சிருக்கிறாங்கள்."

அழுத்தினார். பிறகு, "ஒரு பிளேன்ரீ போடன்" என்றார்.

அவள் எழுந்து போய் இஞ்சி தட்டிப் போட்டு இரண்டு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்தாள். மூக்குக்கண்ணாடி முகத்திலேயே இருக்க, தலையைச் சற்றுச் சாய்த்து அவர் கதிரையில் இருந்தார். திரையில் கப்பல் கொம்பனி நன்றி சொல்லியிருந்தது. தேத்தண்ணி ஆறுது என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கோப்பைகளைக் கீழே வைத்தாள்.

இதயம், ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது என்றார்கள் அம்புலன்ஸில் வந்தவர்கள்.

கஜந்தி வர முடியவில்லை. அந்த வயிற்றோடு அவளை எந்த விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். தகப்பனின் இறுதிக் கிரியையை ஹலிபாக்ஸில் விடியற்காலையில், மடியில் தொலைபேசியை வைத்துக்கொண்டு பார்த்தாள். நடுவில் இரண்டு தடவை படம் உறைந்துபோனது. மனோரஞ்சிதம் அன்று அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றாள். ஏப்ரலில் பேத்தி பிறந்தாள். மே மாதம் ஒருநாள் கஜந்தி தொலைபேசியில், "அம்மா, நீங்கள் வராட்டில் நான் அப்பாவுக்கு எங்கை நிண்டு அழுறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு பயணத்தை நிறுத்துவது என்ற பேச்சை மனோரஞ்சிதம் எடுக்கவே இல்லை.

எடுத்தவர் பாலேந்திரா. சண்முகலிங்கத்தின் தமையன், கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் டோஸ்ட்ருப்பில் இருப்பவர். தம்பிக்குக் கொள்ளி வைத்தவரும் அவர்தான்.

"பிள்ளை, ஆண்டுத்திவசம் முடியேல்லை. ஒரு நன்மை தின்மைக்கே போகாத நேரத்திலை உல்லாசக் கப்பலோ? சனம் என்ன கதைக்கும்?"

"உல்லாசம் எண்டு அவங்கள் பேர் வைச்சிருக்கிறாங்கள் அத்தான். நான் மூண்டு ஒத்திகையிலையும் சத்திதான் எடுத்தனான்."

பாலேந்திரா விடவில்லை. "அங்கை ஆட்டம் பாட்டு எல்லாம் நடக்குமாம்."

"கதவைச் சாத்திப்போட்டு இருப்பன்."

செப்டம்பரில் அவரேதான் அவளைக் கொப்பன்ஹேகன் துறைமுகத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். அவ்வளவு உயரமான கப்பலைப் பார்த்ததும் தலையை அண்ணாந்து தட்டுகளை எண்ணினார். அவளுடைய பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு, "மாதாமாதம் தம்பிக்குச் செய்யிற மாசியத்தை நான் பாத்துக்கொள்ளுறன். நீ அதுகளைப் பற்றி யோசியாதை. பிள்ளையைப் போய்ப் பார்" என்றார். பிறகு, ஆட்டம் பாட்டு எந்தத் தட்டில் என்று மெதுவாகக் கேட்டார்.

முதல் நாலு நாளும் கடல் தாம்பாளத்தில் வைத்த தண்ணீர் போலக் கிடந்தது. நோர்வேயின் மலைகள் யன்னலுக்கு முன்னால் வந்து வந்து போயின. பத்தாம் தட்டின் நுனி அறையில் இரண்டு கதிரை, இரண்டு தலையணை, இரண்டு மிதவை அங்கிகள். மனோரஞ்சிதம் ஒரு பக்கத்தில் மட்டும் படுத்தாள். சாப்பாட்டு மேசையில் அவளோடு இருத்தப்பட்டவள் இங்கர் என்ற டெனிஷ்காரி, ஸ்கீவ என்ற ஊரைச் சேர்ந்தவள், எழுபத்தாறு வயது. கணவன் இறந்து ஒன்பது வருடமாம். அட்லாண்டிக்கைக் கடப்பது இது நாலாம் முறையாம். சூப்பைச் சத்தமாகக் குடித்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னாள். மனோரஞ்சிதம் தான் விமானத்தில் ஏற முடியாத கதையைச் சொன்னாள்.

நோர்வேக் கரை மறைந்த மத்தியானம் கப்பித்தான் ஒலிபெருக்கியில் பேசினார். மாலையிலிருந்து அலை ஐந்து, ஆறு மீற்றர் எழும்பும் என்று, பேருந்து பிந்தி வருகிறது என்று சொல்பவரின் குரலில் சொன்னார். பிறகு பணியாளர்கள் ஓசைப்படாமல் நடமாடத் தொடங்கினார்கள். மாடிப்படிக் கைபிடிகளில் இடைவெளி விட்டு விட்டு, சத்தி எடுக்கவென்று வெள்ளைக் காகிதப் பைகளைச் செருகினார்கள். நீச்சல் குளத்தை வடித்து வலை போட்டார்கள். வெளித்தட்டுக் கதவுகளுக்குக் குறுக்கே பட்டி கட்டினார்கள். சாப்பாட்டு அறை வாசலில் பச்சை அப்பிள் குவித்திருந்தது. தாளில் படித்த ஒவ்வொன்றும் அப்படியே நடப்பதைப் பார்க்க அவளுக்கு முதலில் ஓர் ஆறுதல்கூட வந்தது.

ஆனால் தாளில் எழுதாத ஒன்று நுனி அறையில் இருந்தது. கப்பலின் முன்பக்கம் எழும்பும். எழும்பிக்கொண்டே போகும். ஒரு கணம் எதுவும் நடக்காது. பிறகு மொத்தமாகக் கீழே விழும். லொறி ஒன்று மதிலில் மோதியது போல அறை அதிரும். கட்டில் அவளை விட்டுவிட்டுப் போய், திரும்ப வந்து அடிக்கும். அலுமாரிக்குள் உடுப்புக் கொழுவிகள் கைதட்டின. மூன்று தரம், நாலு தரம் என்று எண்ணியவள் ஒன்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டாள். தொடுவானத்தைப் பார்ப்போம் என்றால் அது யன்னலில் மேலே போய்க் கீழே வந்தது. இரண்டு நாள் தண்ணீரும் உப்பு பிஸ்கற்றும்தான். இருமும்போதெல்லாம் மார்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஐந்து நாள் திறந்த கடல் இருக்கிறது. என்னால் ஏலாது என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். அதைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

ஐஸ்லாந்துத் துறைமுகத்தில் கப்பல் கட்டப்பட்ட காலையில் அவள் பெட்டியை அடுக்கினாள். கஜந்திக்கு என்ன சொல்வது என்று யோசிக்கப் பயந்து, உடுப்புகளை மடிக்காமலே திணித்தாள். இறங்கும் வாசலில் இங்கர் நின்றாள்.

"பெட்டியோடு எங்கே போகிறாய்?"

"வீட்டுக்கு."

"உன்னால் பறக்க முடியாதே."

"இந்தத் தீவின் மறுகரையிலிருந்து டென்மார்க்குக்குக் கிழமைக்கு ஒரு கப்பல் போகிறதாம்."

"அதுவும் கப்பல்தானே?" என்றாள் இங்கர். "இதே கடலில்தானே போகும்? இதைவிடச் சின்னதாக வேறு இருக்கும்."

மனோரஞ்சிதம் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இங்கர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் அறை எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

"பத்தாம் தட்டு. முன் நுனி."

"கடவுளே! இந்தக் கப்பலிலேயே மோசமான இடம் அதுதான். யார் உனக்கு அதைப் பிடித்துத் தந்தது?"

"என் கணவர்."

"அவருக்கு உன்னைப் பிடிக்காதா?"

மனோரஞ்சிதம் கைப்பையைத் திறந்து, நாலாய் மடித்த தாளை எடுத்தாள். அப்பிளுக்குக் கீழே சண்முகலிங்கம் கோடு போட்டிருந்தார். தொடுவானத்துக்குக் கீழே இரண்டு கோடு. அதற்கும் கீழே அவர் ஒருநாளும் வாசித்துக் காட்டாத ஒரு பந்தி. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் அறை எடுக்கவும், அங்கேதான் ஆட்டம் குறைவு என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பந்தியில் ஒரு கோடும் இல்லை. அறை விசயம் தனக்குத் தெரியும் என்று தாண்டிப் போயிருக்கிறார்.

"பஸ்" என்றாள். "அவர் இதை பஸ் என்று நினைத்துவிட்டார்."

இங்கருக்கு விளங்கவில்லை. சாரதிக்குப் பின் ஆசனத்தைப் பற்றி, கண்டி வளைவுகளைப் பற்றி, சத்தி எடுக்கும் பிள்ளைகளை எங்கள் ஆட்கள் எங்கே இருத்துவார்கள் என்பதைப் பற்றி அவள் டெனிஷில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதமாக வராத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. இறங்கிப் போகிறவர்கள் விலகி நடந்தார்கள். இங்கர் பக்கத்தில் நின்று, கைபிடியிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதப் பையை உருவி, மூக்குத் துடைக்க நீட்டினாள்.

"வா, வேறு அறை கேட்போம். இங்கே இறங்குகிற ஆட்கள் இருப்பார்கள்."

அவள் தாளைத் திரும்ப நாலாய் மடித்தாள். "அவர் கடைசியாகத் தெரிவு செய்தது அந்த அறை."

"அவர் தெரிவு செய்தது உனக்குச் சத்தி வராத ஓர் இடத்தை" என்றாள் இங்கர். "அது மேலே இல்லை. கீழே இருக்கிறது. அவ்வளவுதான்."

நாலாம் தட்டில், நடுவில், யன்னல் இல்லாத ஒரு சின்ன அறை கிடைத்தது. பெட்டி வைத்தால் நடக்க இடமில்லை. ஐஸ்லாந்தை விட்டு வெளிக்கிட்ட இரண்டாம் நாள் கடல் முன்னையதைவிட மோசமாகியது. கப்பித்தான் எட்டு மீற்றர் என்றார். மேல்தட்டு மின்தூக்கிகளை நிறுத்தினார்கள். மேசை விரிப்புகளை நனைத்துப் போட்டார்கள், கோப்பைகள் வழுக்காமலிருக்க. வழியில் தொட வேண்டிய ஒரு துறைமுகத்தைத் தொடாமலே கப்பல் போனது. சாப்பாட்டு அறையில் பத்தில் ஏழு கதிரை வெறுமையாய்க் கிடந்தது. நாலாம் தட்டிலும் ஆடத்தான் செய்தது. ஆனால் அது தொட்டில் ஆடுவது போல ஒரு பக்கமாய்ப் போய் மறுபக்கம் வந்தது, விழவில்லை. இங்கே அவள் ஒரு தரம்தான் சத்தி எடுத்தாள். பிறகு பதினொரு மணித்தியாலம் தூங்கினாள். மார்ச்சுக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் இல்லை. எழும்பியபோது பசித்தது. கைபிடியைப் பிடித்துப் பிடித்துப் போய், இங்கருக்கு எதிரே உட்கார்ந்து, சோறும் பொரித்த மீனும் சாப்பிட்டாள். கட்டிலின் நடுவில் படுக்கிறோம் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தாள்.

ஹலிபாக்ஸ் துறைமுகத்தில் வெயில். கடவுச்சீட்டு வரிசை தாண்டி வெளியே வந்தபோது, கம்பி வேலிக்கு அப்பால் கஜந்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மருமகன் யதுர்சன் பிள்ளையை வாங்கிக்கொண்டான். தாயும் மகளும் நடைபாதையில் கட்டிப் பிடித்தபடி நின்று, ஆறு மாதமாய் மிச்சம் வைத்திருந்ததை அழுதார்கள்.

"நல்லாய் மெலிஞ்சிட்டியள் அம்மா. கப்பல் எப்பிடி?"

"கொப்பர் என்னைப் பஸ்ஸிலை ஏத்திவிட்டவர். வீட்டை வா, சொல்லுறன்."

வீட்டில் சொன்னாள். சத்தி எடுத்த கணக்கிலிருந்து ஐஸ்லாந்து வாசல் வரை ஒன்று விடாமல். கஜந்தி அழுத கண்ணோடு சிரித்து, "ஐயோ அப்பா" என்றாள். இடையில் இரண்டு தடவை டெனிஷுக்கு மாறி, பிறகு தமிழுக்குத் திரும்பி வந்தாள். பிள்ளை பாட்டியின் விரலைப் பிடித்து இழுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கஜந்தி சோபாவில் சரிந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டாள். கைக்குழந்தைக்காரியின் களைத்த தூக்கம்.

மனோரஞ்சிதம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தபடி இருந்தாள். போர்வைக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. இடது கால். மூன்று வயதிலும் போர்வைக்கு வெளியே வந்தது அந்த இடது கால்தான்.