நாற்பத்தேழு கிலோவுக்கு ஆகாத ஷ்னிட்சல்

1
இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. ஜெர்மனியின் காஸல் நகரில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் தட்டு கழுவுகிறேன். அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் உணவுப் பட்டியல் தாளில், ரொட்டித்தூள் தடவிப் பொரிக்கும் வியாழக்கிழமைப் பன்றி ஷ்னிட்சலுக்கு எதிரே சிவப்புப் புள்ளி. ‘ஒரு துண்டு 1750 கலோரி. எண்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கூடாது.’

முதலில் இப்படித் தொடங்கினேன்: பொன்னிறத்தில் அலை அலையாக உப்பிய மேலோட்டை—

வேண்டாம். கோபத்தில் இருப்பவன் வர்ணிக்கக் கூடாது.

2
இல்லத்தில் இருக்கும் வீகாண்டுக்கு வயது தொண்ணூற்றொன்று. எடை நாற்பத்தேழு கிலோ, ஈஸ்டரின்போது ஐம்பத்திரண்டு. அவித்த காய்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். கேட்பது ஷ்னிட்சல் மட்டும்.

(அவரை இன்னும் பரிதாபமாக எழுதலாமா? சாப்பாடு கேட்பவரிடம் எதற்குப் பரிதாபம்?)

“எனக்குக் கொழுப்பு ஏறிடுமாம்,” என்றார், சட்டையைத் தூக்கி விலா எலும்பைக் காட்டி. “எங்க ஏறும்? இடத்தக் காட்டச் சொல்லு.”

3
பிழையைக் கண்டுபிடித்தவள் சமையல்காரி ட்ராவ்டல். ஷ்னிட்சல் எண்ணெயில் மிதந்து பொரிய வேண்டும். வாணலியில் ஊற்றிய இரண்டு லிட்டரையும் ஊட்டச்சத்து ஆலோசகர் லோமன் கலோரிக் கணக்கில் பன்னிரண்டு துண்டுகளுக்குப் பங்கு போட்டிருந்தார். ட்ராவ்டல் பொரித்து முடித்து, ஆறவைத்து அளந்தாள். ஒன்றே முக்கால் லிட்டருக்கு மேல் அப்படியே இருந்தது.

“உங்க கணக்குப்படி இதையும் தின்னவங்க குடிச்சிருக்கணும், லோமன் மேடம். அவங்க என்ன டீசல் வண்டியா?”

“நீங்க சொல்றது சரிதான். ஆனா தாள்ல கையெழுத்து ஆயிடுச்சே. திருத்தணும்னா அடுத்த கூட்டம் செப்டம்பர்லதான்.”

இது ஜூன்.

“அதுவரைக்கும் அவரு எதத் தின்பாரு? அந்தப் புள்ளியையா?”

லோமனைக் கெட்டவராக எழுத மூன்று முறை முயன்றேன். வரவில்லை. வீகாண்டின் காதுக்கருவிக்குத் தானே பேட்டரி மாற்றிவிடுகிறவர். என் ஆத்திரமே அதனால்தான்.

4
முடிவு அ: கூட்டம் முன்கூட்டியே நடக்கிறது. (பொய். இங்கே எந்தக் கூட்டமும் முன்கூட்டி நடக்காது.)

முடிவு ஆ: செப்டம்பரில் தாள் திருத்தப்படுகிறது. மேசையில் வீகாண்டின் நாற்காலி—

எழுத மாட்டேன்.

5
இன்று வியாழன். ட்ராவ்டல் பதின்மூன்றாவதாக ஒரு துண்டைப் பொரித்து, எலுமிச்சைத் துண்டு வைத்து, தட்டை மேடைமேல் வைத்தாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் லோமன், கையில் தாளோடு. நான் கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். நானே எழுதும் கதையிலும் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பத்து நிமிடத்தில் மேலோடு நமுத்துவிடும். வீகாண்டின் மேசை ஜன்னலோரம், இடப்பக்கம் மூன்றாவது. தட்டு, இதை வாசிக்கும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.