பர்க்கின்ஷா சுரண்டிய பெயின்ட்

"பழந்துணி விக்கிறவன் மகனுக்குச் சரித்திரம் எதுக்குய்யா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு, பர்க்கின்ஷா என்னைப் பழைய ரயில்களைப் பராமரிக்கும் சங்கத்திலிருந்து விரட்டி ஆறு வருஷமாகிறது.

நான் செய்த குற்றம் ஒன்றுதான். எங்கள் ஆர்ன்தோர்ப் கொட்டகையில் நிற்கும் 'எல்ம்டேல் இளவரசி' நீராவி இன்ஜினுக்குப் பின்னால், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் அதனுடன் பிறந்ததல்ல என்றேன். பழுதுபார்க்க வந்த இன்ஜினின் டெண்டரைக் கழற்றி, முதலில் தயாராகும் இன்னொன்றுக்கு மாட்டி அனுப்பிவிடுவதுதான் பணிமனை வழக்கம். சங்கத் தலைவர் பர்க்கின்ஷாவோ, மன்னரின் ரயிலை இழுத்தபோதும் இதே டெண்டர்தான் என்று யார்க்‌ஷயர் முழுக்கத் தம்பட்டம் அடித்தார்.

ஆறு வருஷமும் ஆவணக் காப்பகத்தில் கிடந்தேன். இளவரசிக்கு மாட்டிய டெண்டர்கள் மூன்று. மூன்றும் பழைய இரும்புக்குப் போயிருந்தன. அந்த வகையில் உடைபடாமல் மிஞ்சியவை வேறு நான்கு. நான்கின் பதிவு அட்டைகளையும் நகலெடுத்தேன். டெண்டரின் இரும்புச் சட்டத்தில் பொறித்த எண்ணைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அதன்மேல் எட்டுப் பூச்சு பெயின்ட். எனக்கோ கொட்டகைக்குள் போகத் தடை.

'மன்னரின் ரயிலை இழுத்த டெண்டர்' என்று பொறித்த பித்தளைத் தகட்டைத் திறந்துவைக்கும் நாளில் பொதுமக்களுக்குக் கதவு திறந்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். மன்னரின் ரயிலை ஓட்டிய டிரைவரின் மனைவி மேவிஸ் அம்மாள் முன்வரிசையில் இருந்தார்.

சரக்கைக் குறை சொன்னால் போதும், விற்பவனே பிரித்துப்போட்டுக் காட்டுவான். சந்தையில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"போன வருஷம் அடிச்ச தகரம்ங்க இது. சுத்த நகல்!" என்றேன் உரக்க.

"இவனை யாரு உள்ள விட்டது?" என்றார் பர்க்கின்ஷா. "அறுபது வருஷத்து இரும்புய்யா இது!"

"சொல்றதுக்கென்ன தலைவரே, வாய்தானே. நம்பர் இருக்கா?"

"இருக்குடா! கண்ணைத் தொறந்து பாரு!"

காது சிவக்க, நல்ல கோட்டோடு மண்டியிட்டுச் சுரண்டினார். நான் உதவிக்குப் போகவில்லை. வியர்வை சொட்ட எண் வெளியே வந்தது: 4127.

பையிலிருந்த நான்கு நகல்களில் அந்த எண்ணுக்குரியதை உருவினேன்.

"என்ன காகிதம் அது?" என்றார் மேவிஸ் அம்மாள். "சத்தமா படிங்க. என் வீட்டுக்காரர் ஓட்டின வண்டி, எனக்குத் தெரியணும்."

"தலைவரே படிக்கட்டும்மா," என்று பர்க்கின்ஷாவின் கையில் கொடுத்தேன்.

"டெண்டர் 4127. சரக்கு இன்ஜின்களுக்கு மட்டும்..." குரல் தேய்ந்தது. "1958 முதல், ரயில்வே தண்ணீர் நிலையங்களில் சேறு அள்ளும் வண்டி."

"ராசா சேத்துலயா போனாரு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். கொட்டகையே சிரித்தது.

பர்க்கின்ஷா என்னிடம் குனிந்து, "இப்போ திருப்திதானே? போயிடுய்யா," என்றார் மெதுவாக.

நான் மைக்கை எடுத்து அவர் வாயருகே பிடித்தேன்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல, தலைவரே. முதல்லேர்ந்து படிங்க."