தாம்பூலத் தட்டில் ஒரு பதக்கம்

இப்படி என் பக்கத்தில் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காதைக் கொடுத்தால் ஒரு கதை தருவேன். இனிப்பான கதை இல்லை, குமட்டுகிற கதை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊர் நெல்லித்தோப்பில் கோவிந்தராசு என்று ஒரு பழைய சொல்தா, அதாவது பிரெஞ்சுக்காரனின் சிப்பாய். பஞ்சாலையில் வேலை கிடைக்காமல் பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். அல்ஜீரியாவில் சண்டை, பிறகு பிரான்சில் காவல், கடைசியில் கோப்ரால் பட்டத்தோடு பென்ஷன் வாங்கி ஊர் திரும்பினார். அல்ஜீரியாவுக்காகக் கொடுத்த பதக்கத்தை மட்டும் ஒருநாளும் சட்டையில் குத்தியதில்லை. ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாளன்று மற்ற சொல்தாக்கள் பதக்கங்களோடு மினுமினுக்க, இவர் வெறும் சட்டையோடு கடற்கரைக்குப் போவார்.

போன மாதம் பேத்தி சங்கவியைப் பெண் பார்க்க மூலக்குளத்திலிருந்து காசிலிங்கம் தன் மகனையும் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சொல்தா வீட்டில் பெண் எடுத்தால் பிரான்சு போக வழி பிறக்கும் என்று இங்கே எப்போதும் கிராக்கிதானே! மருமகள் மேனகா, சங்கவியின் அம்மா, கிழவரின் பெட்டியைக் குடைந்து பதக்கத்தை எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். தாம்பூலத் தட்டில் வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே வைத்து, அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள்.

காசிலிங்கத்துக்குக் கண் விரிந்தது. "அடேங்கப்பா! எத்தினி பேரைச் சுட்டீங்க பெரியவரே?"

"மாமா, நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று மேனகா கிசுகிசுத்தாள்.

பேத்தியின் கல்யாணம் தன் வாயில் இருக்கிறது என்று கிழவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும் உள்ளதைச் சொல்லத் தொடங்கினார்.

"யாரையும் சுடலப்பா. மலையில ஒரு ஊரு, ஒரே கிணறு. ஒரு கெழவி எனக்குத் தண்ணி மொண்டு குடுத்தா. மறுநாளு எங்க ஆபீசரு கப்பித்தேன், ஊரு தண்ணியில்லாம காலியாவணும்னு உத்தரவு போட்டான். செத்துப் புழுத்த கழுதைங்களை இழுத்தாந்து அந்தக் கெணத்துல தள்ளுனோம். தோலு கையோட வந்துச்சு. அவ பாத்துக்கினே நின்னா. அதுக்குக் குடுத்தது இது."

மேனகா தலையில் கைவைத்துக்கொண்டாள். காசிலிங்கமோ பஜ்ஜியை மென்றபடி சிரித்தார்.

"கெணறு கெடக்குது வுடுங்க. எவன் ஊரோ, எவன் கழுதையோ! பொண்ணுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்குதில்ல? பையன் பாரிசு போவணும்."

மாப்பிள்ளையும் தலையாட்டிக்கொண்டே அடுத்த பஜ்ஜிக்குக் கை நீட்டினான்.

சங்கவி எழுந்தாள். பதக்கத்தை எடுத்து, குங்குமத்தைத் துடைத்து, தாத்தா கையில் கொடுத்தாள்.

"எனக்கு இந்த இடம் வேணாம்மா."

"பைத்தியமாடி உனக்கு?"

"தாத்தா சொன்னதைக் கேட்டுட்டும் இவங்களுக்குப் பஜ்ஜி எறங்குது. இவங்களோட நான் எப்பிடி ஒண்ணா உக்காந்து சாப்புடுவேன்?"

வந்தவர்கள் திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினார்கள். மேனகா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். கிழவர் யாரையும் தடுக்கவில்லை.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் வேண்டாததை வேண்டாம் என்று சொல்லப் பெண்பிள்ளைகளுக்கு வாய் இருக்கட்டும். அதைத் தாங்கிக்கொள்ளப் பெரியவர்களுக்கு மனசு இருக்கட்டும். அடுப்பு அணையாமல், பிள்ளை குட்டியோடு நன்றாயிருங்கள்.